கல்முனைக் கரையில் மூக்கின் ஒழுகலாறு

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அக்கரைப்பற்றுக்கு வந்து, தமிழ் படித்து, இக்கரை மக்களின் குடிமுறையைப் பல்லாண்டு ஆராய்ந்து 2008இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். வீடு பெண்பிள்ளைக்கு உரியது. கலியாணம் முடித்த ஆண் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். குடி தாய்வழியாக இறங்கும். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருப்பார். இவ்வளவும் அதில் விரிவாக உண்டு. அப்படிக் குடிபோன புதுமாப்பிள்ளை இரவில் மூக்கால் மூச்சு விட்டாரா, வாயால் விட்டாரா என்பது மட்டும் இல்லை. மானிடவியலில் இப்படியோர் ஓட்டை இருக்கலாமா? அந்த ஓட்டையை, சரியாகச் சொன்னால் இரண்டு ஓட்டைகளை, அடைப்பதற்கல்ல, திறந்து வைப்பதற்கே இவ்வாய்வு எழுந்தது.

மூக்கால் மூச்சு விடுவதன் பலன்களை எழுதியோர் எல்லாரும் அவற்றை மூக்குடையவனின் உடம்புக்குள்ளேயே தேடியிருக்கிறார்கள்: அவன் நுரையீரல், அவன் தொண்டை, அவன் பல்வரிசை. இவ்வாய்வாளனின் துணிபு வேறு. பலனில் சிறுபங்குதான் மூக்குடையவனுக்கு. பெரும்பங்கு அடுத்த அறையில் படுத்திருப்பவருக்கு. உலகில் வேறெங்கும் இது கருத்து வேறுபாட்டுக்கு இடந்தரலாம். கல்முனைப் பக்கத்தில் இது சீதன உறுதியைப் போல் உறுதியானது. சூத்திரமாகச் செய்தால் வருமாறு:

நாசி உயிர்ப்போன் தானும் துயில்வன்,
ஊரும் துயிலும்; வாயுயிர்ப் போனோ
தானே துயில்வன், ஊர்துயி லாதே.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், உறக்கத்தின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று. ‘தானே’ என்ற ஏகாரம் பிரிநிலை. ‘ஊர்’ என்றது இடவாகுபெயராய் ஊரிலுள்ளாரை உணர்த்திற்று. அவருள்ளும் மாமியே சிறப்புடையார் என்பது உரையிற் கொள்க.

இனிக் களம். வடக்கே மருதமுனையில் தொடங்கித் தெற்கே அக்கரைப்பற்றில் முடியும். கிழக்கே கடல், மேற்கே வயல்வட்டை, நடுவில் ஒரு பிரதான வீதி. அதை ஒட்டிக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என்று முஸ்லிம் ஊர்கள் தோளோடு தோள் உரசி நிற்கும். நிலம் கொஞ்சம், மகள்மார் கூட. ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு என்று வளவைப் பிரித்துப் பிரித்து, இன்று ஒரு வீட்டு யன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரிகிறது. ஒலியியல் நோக்கில் இது மிக முக்கியம். தாய்வழிச் சீதனமுறை குறட்டை ஒலியைப் பரப்புவதற்கென்றே வகுத்ததுபோல் ஒரு நகரமைப்பை உண்டாக்கிவிட்டது.

முன்பு கடற்கரைப் பக்கத்து வீடுகளில் அலையோசை குறட்டையை மூடிக்கொண்டது. 2004 டிசம்பர் 26இன் சுனாமி அந்த வீடுகளை எடுத்துக்கொண்டது. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற விதி அதன்பின் வந்தது. எஞ்சியவர்களில் பலர் உள்ளூருக்குள் குடியேறினர். அலை கேளாத இடத்து நித்திரை வேறு நித்திரை. இந்த இடத்தில் கேலி செய்ய ஆய்வாளனுக்கு வாய் வரவில்லை.

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே இருப்பது காரைதீவு, தமிழூர், 1892இல் விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். ஓசையை அவரளவுக்கு நுணுகி ஆராய்ந்தவர் இக்கரையில் வேறொருவர் இல்லை. 1947இல் அவருடைய யாழ் நூல் அரங்கேறியது. அதிலும் குறட்டைக்கு இடமில்லை. எந்தப் பண்ணிலும் அடங்காத ஒன்றை ஒதுக்கியது அடிகளாரின் நாகரிகம் என்றே கொள்ளவேண்டும்.

மூக்கின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு மனிதன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லீற்றர் காற்றை உள்ளெடுக்கிறான். மூக்கின் உட்சுவரில் பக்கத்துக்கு மூன்றாகச் சுருண்டு கிடக்கும் எலும்புத் தட்டுகளின் மேல், ஈரமும் இரத்தமும் நிறைந்த சவ்வு போர்த்தியிருக்கிறது. காற்று இவற்றில் மோதித் திரும்பித் தொண்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் உடம்பின் சூட்டுக்கு அருகில் வந்துவிடுகிறது, ஈரம் ஏறிவிடுகிறது, தூசியின் பெரும்பகுதி மயிரிலும் சளியிலும் ஒட்டி நின்றுவிடுகிறது. வாயில் இந்த ஏற்பாடெதுவும் கிடையாது. வாய் சோறு போவதற்கான வழி. அதில் காற்றை அனுப்புகிறவர் சம்மாந்துறை அரிசி ஆலையின் உமித்தூசியையும், அறுவடைக் காலத்தில் வட்டையிலிருந்து வரும் பதரையும், பிரதான வீதிப் புழுதியையும் சலிக்காமல் அப்படியே நுரையீரலுக்குக் கொடுக்கிறார்.

கச்சான் காற்றையும் இங்கே சொல்லவேண்டும். தென்மேல் பருவக்காற்று தன்னிடமுள்ள மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது வெறுங்கையோடு வருகிறது. இறங்க இறங்கச் சூடேறும், வறளும். ஆனி, ஆடியில் கல்முனையில் உதடு வெடிக்கும், கதவு நிலையில் பலகை சுருங்கும். அந்தக் காற்றை வாயால் குடிக்கிறவருக்குத் தொண்டை விடியற்காலையில் என்ன பாடுபடும் என்பதற்கு ஆய்வுகூடம் வேண்டாம். சுபஹுக்கு எழும்பியவுடன் அவர் பேச முயல்வதைக் கேட்டாலே போதும்.

நோன்பு மாதத்தில் இவ்விடயம் பொருளாதாரமாகிறது. 2006இல் சுவீடன் ஆய்வாளர் சிலர் மூச்சோடு போகும் ஈரத்தை அளந்தார்கள். மூச்சை மூக்கால் வெளிவிடுவதற்குப் பதில் வாயால் வெளிவிட்டபோது நீரிழப்பு 42 வீதம் கூடியது. காரணம் எளிது. வெளியேறும் மூச்சிலிருந்து கொஞ்சம் ஈரத்தையும் சூட்டையும் மூக்கு திருப்பி வாங்கிக்கொள்கிறது; வாய் அப்படியே விட்டுவிடுகிறது. இலங்கையில் நோன்பு பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலே. லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளியில் மின்விசிறிக்குக் கீழே மல்லாந்து, வாய் திறந்து, அஸர் பாங்கு வரை உறங்கும் பெருமக்களைக் காணாத ஊர் இக்கரையில் இல்லை. அஸருக்கு எழும்பி, “இண்டைக்கு நோன்பு சரியான கடும்” என்பார்கள். நோன்பு நேற்றைய நோன்புதான். கடுமையாக்கியது திறந்த வாய். அந்த ஈரமெல்லாம் மின்விசிறியோடு போய்விட்டது. நோன்புக் கஞ்சிக்கு முன்னால் அவர் குடிக்கும் இரண்டாவது குவளைத் தண்ணீரை இந்தக் கணக்கில் எழுதவேண்டும்.

மூக்கைப் பேணும் பழக்கம் இம்மக்களுக்கு இல்லாமலில்லை என்பதுதான் வினோதம். உலகில் மூக்கைக் கழுவுவதை அன்றாடக் கடமைகளோடு சேர்த்துக்கொண்ட சமூகங்கள் மிகச் சில. ஒழு எடுக்கும்போது மும்முறை மூக்குக்குத் தண்ணீர் செலுத்திச் சிந்தவேண்டும். ஐந்து நேரத் தொழுகைக்கும் புதிதாக ஒழு எடுப்பவர் நாளுக்குப் பதினைந்து முறை, வருடத்துக்கு 5,475 முறை மூக்கைக் கழுவுகிறார். நித்திரையால் எழும்பியதும் மூக்கைச் சிந்தச் சொல்லும் நபிமொழி தனியே உண்டு. நோன்பாளி தண்ணீரை ஆழமாக உறிஞ்ச வேண்டாம் என்ற கவனமும் உண்டு. பீனிசக்காரருக்கு உப்புநீரால் மூக்குக் கழுவுமாறு இன்றைய வைத்தியர்களும் சொல்கிறார்கள். தண்ணீர் மட்டும் சுத்தமாக இருக்கவேண்டும்: கராச்சியில் சுத்திகரிக்காத குழாய்த் தண்ணீரோடு மூக்கில் ஏறிய நெக்லேரியா என்ற அமீபா மூளைக்குப் போய்ச் சிலர் இறந்ததும், மூக்குக்குக் கொதித்தாறிய நீரைப் பாவிக்குமாறு அங்கே அறிவுறுத்தியதும் நடந்தவை. அபூர்வம்தான். ஆனாலும் பள்ளியில் ஒழு எடுக்கும் ஹவுளைக் காலத்துக்குக் காலம் கழுவுவது நல்லது என்று நிருவாக சபைகளுக்கு இவ்விடத்தில் விண்ணப்பிக்கிறோம்.

கழுவுவது மட்டுமா, குரல் பயிற்சியும் உண்டு. குர்ஆன் மத்ரஸாவில் பிள்ளைகளுக்குக் குன்னா சொல்லிக்கொடுப்பார்கள். நூனுக்கும் மீமுக்கும் ஷத்து வந்தால் ஓசையை மூக்குக்குள் இரண்டு ஹரகத் நேரம் நிறுத்தி ஓதவேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்க எளிய வழி, மூக்கைப் பிடித்துப் பார்ப்பது. பிடித்ததும் ஓசை நின்றால் குன்னா சரி. நிற்காவிட்டால் பிள்ளை வாயால் ஏமாற்றுகிறது. சளி பிடித்த பிள்ளை எவ்வளவு முயன்றாலும் மீம், பே ஆகிவிடும். அரபிக்கு மூக்கெழுத்து இரண்டுதான். நன்னூலார் மெல்லினம் ஆறும் மூக்கிடத்தில் பிறக்கும் என்றார். ஆக, அரபியும் தமிழும் ஒருசேரப் படிக்கும் கல்முனைப் பிள்ளைக்கு மூக்கு எட்டு மடங்கு அவசியம். மூக்கடைத்த ஒருவர் ‘மாமி’ என்று கூப்பிட்டால் ‘பாபி’ என்றே கேட்கும். மருமகன்மார் இதைக் கவனிக்க.

விஞ்ஞானம் இங்கே ஒரு விசேஷம் சொல்கிறது. 1995இல் ஸ்டொக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள், மூக்கையடுத்த எலும்புக் குழிகளில் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு மிகுதியாக உற்பத்தியாவதைக் காட்டினார்கள். இரத்தக்குழாய்களைத் தளர்த்தும் வாயு அது. அதன் வேலையைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998இல் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது. மூக்கால் இழுத்தால் அந்த வாயு காற்றோடு கலந்து நுரையீரலுக்குப் போகும். வாயால் இழுக்கிறவருக்கு அந்தப் பங்கு இல்லை. 2002இல் இன்னும் ஒன்று தெரிந்தது: வாயை மூடி மூக்கால் முனகும்போது, சும்மா மூச்சு விடுவதைவிட இவ்வாயு பதினைந்து மடங்கு வெளிவருகிறது. குன்னா ஓதுவோருக்கும் இப்படி வருமா என்று யாரும் அளக்கவில்லை. அளக்க விரும்பும் பல்கலைக்கழகத்துக்கு ஒலுவிலில் கட்டடம் தயாராக இருக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைத்தான் சொல்கிறோம்.

இத்தனை பயிற்சியும் இஷா வரைதான். படுத்ததும் தாடை தளர்கிறது, வாய் திறக்கிறது, நாக்கு பின்னால் சரிகிறது. ஒடுங்கிய வழியில் காற்று புகும்போது மெல்லண்ணமும் உள்நாக்கும் அதிர்கின்றன. அதுதான் குறட்டை. வாயை மூடியபடியே குறட்டை விடும் வல்லுநர்களும் உளர். ஆயினும் பெரும்பாலான கச்சேரிகள் திறந்தவெளி அரங்கிலேயே நடக்கின்றன.

எந்தப் பக்கம் சரிந்து படுப்பது என்பதில் முன்னோரிடையே கருத்து வேறுபாடுண்டு. தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி இடப்பக்கம் என்கிறது, நபிவழி வலப்பக்கம். 1895இல் றிச்சர்ட் கைசர் என்ற ஜேர்மன் வைத்தியர், இரண்டு நாசியும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை, சில மணி நேரத்துக்கொரு முறை ஒன்று இறுகி மற்றது திறக்கும் என்று எழுதினார். சரநூல்காரர்கள் இடகலை, பிங்கலை என்று இதை எப்போதோ வகுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை. பக்கவாட்டில் படுத்தால் கீழ்ப்புற நாசி இறுகி மேற்புற நாசி திறக்கும். ஆகவே இடம் படுத்தவருக்கு வலது நாசியும், வலம் படுத்தவருக்கு இடது நாசியும் கிடைக்கும். இரு சாராருக்கும் ஆளுக்கொரு நாசி உறுதி. மல்லாந்து படுக்கும்படி இரு சாராருமே சொல்லவில்லை என்பதை நோக்குக. குறட்டைக்கு மிக வாய்ப்பான கிடை அதுவே. புதுமாப்பிள்ளை, பிரியாணியும் வட்டிலப்பமும் உண்ட களைப்பில், கலியாணக் கட்டிலில் தெரிந்தெடுப்பதும் அதுவே.

இனி ஆய்வின் நடுப்பகுதி. தமிழ்நாட்டில் பெரும்பாலும் மணப்பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறாள். அங்கே ஆணின் குறட்டை பிதிரார்ச்சித உரிமை. அவன் வீடு, அவன் கட்டில், அவன் தொண்டை. பெற்ற தாய்க்கு அது தாலாட்டின் மறுமொழி. கேள்வி கேட்கும் தகுதியுள்ள ஒரே ஆள் நேற்று வந்த பெண், அவள் கேட்கமாட்டாள். கல்முனையில் நிலைமை தலைகீழ். வீடு மனைவியின் பெயரில். சுவரும் கூரையும் அவள் வாப்பா வெளிநாட்டில் உழைத்தோ, நிலக்காரப் போடியாருக்கு வயல் செய்தோ கட்டியவை. ஆண் அங்கே ஆயுட்கால விருந்தாளி. விருந்தாளி குறட்டை விடலாமா என்ற கேள்விக்கு எந்த மத்ஹபிலும் நேரடி விடை இல்லை.

மாமி மருமகனிடம் முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார். மரியாதை அப்படி. முந்தானை தலையில் இருக்கும். பேச்சு மகள் வழியாகப் போகும். முதல் கிழமை எதுவும் நடக்காது. இரண்டாம் கிழமை பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் கேட்பார்: “என்னகா, ராவெல்லாம் உங்கட ஊட்டுப் பக்கம் லேன்ட்மாஸ்டர் ஓடின சத்தம்?” மாமி அசையமாட்டார். “மருமகன் நல்லா அசந்து உறங்குறாருகா. நம்மட ஊடு அவருக்கு நல்லாப் புடிச்சிட்டு.” மானத்தைக் காக்கும் இவ்விடையை இராசதந்திரம் படிப்போர் பாடமாக வைக்கலாம். ஆனால் அன்று பின்னேரம் மருமகனின் தேத்தண்ணிக்குப் பதிலாக இஞ்சி போட்டு அவித்த கொத்தமல்லி வரும். அவர் கேட்பார், “இது ஏன்?” மனைவி சொல்வாள், “உம்மா தந்தா. குடிங்க.” அடுத்த நாள் யன்னல் விளிம்பில் சித்தாலேப டப்பா இருக்கும். மறுகா நொச்சி இலை போட்டு வேது பிடிக்கப் போர்வையும் பானையும் வரும். அதற்கும் மசியாவிட்டால் ஓதிய தண்ணீர். இவ்வளவும் நடந்து முடியும்போது குறட்டை என்ற சொல் அந்த வீட்டில் ஒருதரமும் உச்சரிக்கப்பட்டிருக்காது.

இவ்வாய்வில் நகைப்பில்லாத கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. குறட்டை திடீரென்று நின்று, சில நொடி அமைதி நிலவி, பிறகு மூச்சுத் திணறலோடு மீண்டும் தொடங்கினால், அது உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாக இருக்கலாம். பகலில் தூங்கி விழுவது, காலைத் தலையிடி, உயர் இரத்த அழுத்தம் இவை அதன் கூட்டாளிகள். நோயாளிக்கு இது தெரியாது, அவர்தான் உறங்குகிறாரே. தெரிந்தவர் அடுத்த அறையில் இருப்பவர். பக்கத்து வீட்டார் சத்தம் நின்றதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லும் அந்த நொடியில், மாமி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். சத்தத்தால் நித்திரை கெட்டவர், சத்தம் நின்றதால் இன்னும் நித்திரை கெடுகிறார். இப்படிப்பட்ட மருமகனைக் கொத்தமல்லியோடு நிறுத்தாமல் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் அனுப்பவேண்டும். மல்லிப் பானைக்கு அடங்காத நோய் அது. இப்போது சிலர் வாய்க்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு படுக்கிறார்கள். மூக்கடைப்பு உள்ளவருக்கு அது ஆபத்து என்று வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். பிளாஸ்டர் ஒட்டும் ஆசை மாமிக்கு வரலாம், அடக்கிக்கொள்ள வேண்டும்.

மறுப்புகளையும் பார்த்துவிடுவோம். கரைவலை வாடிகளுக்குப் பக்கத்தில் இருப்போர், “மூக்கால் இழுத்தால் கருவாட்டு மணமல்லவா வரும்” என்பர். சில நிமிடத்தில் மூக்கு பழகிவிடும்; கருவாட்டை அறியாதவர் விருந்தினர் மட்டுமே. ஓயாமல் பேசுகிறவர் எப்படி மூக்கால் மூச்சு விடுவது என்பது அடுத்த மறுப்பு. வலுவானதுதான். சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை வேண்டுமா, கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் என்னவாக வேண்டும் என்ற விடயங்களைத் தேநீர்க் கடையில் பேசும்போது மூக்கால் மூச்சு விட்டவர் எக்கட்சியிலும் இல்லை. இவர்களுக்கான மறுமொழி பழையது: ஜோர்ஜ் கட்லின் என்ற அமெரிக்க ஓவியர், செவ்விந்தியத் தாய்மார் உறங்கும் குழந்தைகளின் உதடுகளைச் சேர்த்து மூடிவிடுவதைக் கண்டு வியந்து, 1860களின் தொடக்கத்தில் மூச்சைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பின்னாளில் அது ‘வாயை மூடு, உயிரைக் காத்துக்கொள்’ என்ற பொருள்படும் தலைப்போடு வெளிவந்தது. இதே கருத்தை இக்கரை உம்மாமார் இன்னும் சுருக்கமாக, முதல் பாதியை மட்டும், தினமும் வெளியிட்டு வருகிறார்கள்.

எஞ்சியது பரிந்துரை. கலியாணம் பேசும்போது மாப்பிள்ளையின் தொழில், குடி, தொழுகை எல்லாம் விசாரிக்கும் பெண் வீட்டார் மூச்சை மட்டும் விசாரிப்பதில்லை. பேச்சுக்கு வரும் நாளில் பகல் சாப்பாட்டை வயிறு நிறையக் கொடுத்து, முன்விறாந்தையில் பாய் விரித்து, “கொஞ்சம் சாய்ந்து எழும்புங்க மனே” என்று சொன்னால் போதும். அரை மணி நேரத்தில் எல்லாம் வெளிவந்துவிடும். மஹர் பேசுமுன் இதை முடித்துக்கொள்வது இரு தரப்புக்கும் சிக்கனம்.

இப்பரிந்துரையைக் கேட்ட மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், “அப்ப பொண்ணு குறட்டை விட்டா?” என்று எதிர்க்கேள்வி போட்டார். ஆய்வு நெறிப்படி நியாயமான கேள்வி. அவர் அதை நாலு மாமிமார் இருந்த விறாந்தையில் வைத்துக் கேட்டதால் அன்றைய இராச் சாப்பாடு அவருக்கு வரவில்லை. அவரோடு போயிருந்த ஆய்வாளனுக்கும் வரவில்லை. அப்பகுதிக்கான தரவு சேகரிப்பு அத்துடன் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.